குறிப்பும் இடமும்: ஒரு கண்ணாடிக் குப்பியிலிருந்து நான்கு ஏக்கர் காடு வரை

அஞ்சற்பெட்டி என்றதும் தெருமுனையில் நிற்கும் சிவப்பு நிறப் பெட்டியே நம் நினைவுக்கு வரும். நாம் இங்கே பேசவிருப்பது அதே பெயரைத் தாங்கிய வேறொரு பெட்டியைப் பற்றி. அதை வைப்பவர் அரசு ஊழியர் அல்லர், வழிப்போக்கர். அது கண்ணில் படும்படி நிற்பதில்லை. பாறை இடுக்கிலோ மரத்தூரின் மறைவிலோ ஒளிந்திருக்கும். அதைத் தேடிச் செல்வோருக்குக் கிடைப்பது ஒரு குறிப்பு மட்டுமே. ஆங்கிலேயர் இதற்கு 'லெட்டர்பாக்ஸிங்' என்று பெயரிட்டனர். 170 ஆண்டுகளைக் கடந்துவிட்ட இவ்விளையாட்டின் வரலாற்றை, நகர்ப்பூங்காவில் வாழும் உயிர்களின் வரலாற்றோடு சேர்த்து வாசிக்கலாம் என்பது நம் எண்ணம். ஒளிந்திருப்பதைத் தேடுவது எப்படி என்னும் ஒரே வினா இரண்டிற்கும் அடியில் கிடக்கிறது.

கிரான்மியர் குளத்தின் குப்பி

இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் மாவட்டத்தில் டார்ட்மூர் என்னும் மேட்டுநிலம் உள்ளது. கானன் டாயில் தம் 'பாஸ்கர்வில் வேட்டைநாய்' நாவலுக்குக் களமாகக் கொண்ட நிலம் இதுவே என்றால் வாசகர்களுக்கு எளிதில் விளங்கும். கருங்கல் குன்றுகள், காற்று, மூடுபனி, பாசியும் புல்லும் பல்லாயிரம் ஆண்டுகளாக மட்கிப் படிந்த சதுப்பு ஆகியவையே அதன் இயல்புகள். அதன் வடபகுதியின் நடுவே கிரான்மியர் என்றொரு குளம் உண்டு. குளம் என்பது பெயரளவில்தான். நீர் வடிந்து வெறும் சேற்றுப்பள்ளமாகிப் பல காலமாயிற்று. அந்த நீர் வடிந்ததற்கும் ஒரு நாட்டார் கதை உண்டு. ஓக்ஹாம்ப்டன் ஊரின் மேயராக இருந்த பெஞ்சி என்பவரது ஆவி, சல்லடையால் அக்குளத்தை இறைத்து முடிக்கவேண்டும் என்று தண்டனை பெற்றதாம். ஆவி ஒருநாள் ஆட்டுத்தோல் ஒன்றைக் கண்டெடுத்துச் சல்லடையின் அடியில் விரித்து, குளத்தையே இறைத்துவிட்டதாம்.

இத்தகைய இடத்திற்குப் போய்வருவதே ஒரு சாதனையாகக் கருதப்பட்டது. சாக்ஃபோர்டு ஊரைச் சேர்ந்த ஜேம்ஸ் பெரட் என்பவர் அவ்வாறு செல்ல விரும்பிய கனவான்களை அழைத்துச் செல்லும் வழிகாட்டி. 1854ஆம் ஆண்டில் அவர் அப்பள்ளத்தில் ஒரு கண்ணாடிக் குப்பியை வைத்தார். சதுப்பைக் கடந்து வந்துசேர்ந்தோர் தத்தம் பெயரட்டைகளை அதில் இட்டுச் சென்றனர். வீட்டின் வரவேற்பறையில் தட்டில் வைக்கவேண்டிய அட்டையை ஆளரவமற்ற சேற்றுநிலத்தில் வைத்துத் திரும்பும் இச்செயலில், விக்டோரியா காலத்து நாகரிகத்தின் மெல்லிய நகைச்சுவையையும் காண்கிறோம். அட்டை அச்சிட்டுக்கொள்ளும் வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்காகவே அது அப்போது இருந்தது.

1870இல் பிரிட்டனில் அஞ்சலட்டை அறிமுகமாயிற்று. 1871இல் ஓக்ஹாம்ப்டனுக்கு இருப்புப்பாதை வந்தது. மேட்டுநிலத்திற்கு வருவோரின் வகையும் தொகையும் மாறின. 1888இல் குப்பியின் இடத்தில் ஒரு தகரப்பெட்டி வந்தது. வருவோர் தம் முகவரியெழுதிய அட்டையைப் பெட்டியில் விட்டுச்செல்வர். அடுத்து வருபவர் அதை எடுத்துச் சென்று தம் ஊரிலிருந்து அஞ்சலில் சேர்ப்பார். முன்பின் அறியாத ஒருவரை நம்பி ஒப்படைக்கப்பட்ட அஞ்சல் அது. அட்டை எப்போது வரும், எவ்வூர் முத்திரையோடு வரும் என்பதை அனுப்பியவரே அறியார். 'அஞ்சற்பெட்டி' என்ற பெயர் இவ்விளையாட்டிற்கு நிலைத்தது இவ்வழக்கத்தால்தான்.

1894இல் பெல்ஸ்டோன் குன்றில் இரண்டாவது பெட்டி வைக்கப்பட்டது. 1905இல் கிரான்மியரில் வருகைப்பதிவேடு இடம்பெற்றது. 1921இல் அப்போதைய வேல்ஸ் இளவரசர், அதாவது பின்னாளில் எட்டாம் எட்வர்டாக முடிசூடாமலேயே அரியணையைத் துறந்தவர், அங்கு வந்து ஒப்பமிட்டார். 1937இல் 'வெஸ்டர்ன் மார்னிங் நியூஸ்' நாளிதழ் திரட்டிய நிதியைக்கொண்டு கல்லால் ஆன பெட்டி அமைக்கப்பட்டது. 1938இல், டார்ட்மூரின் ஒவ்வொரு பாதையையும் நடந்தறிந்து 1909இல் வழிகாட்டி நூல் வெளியிட்ட வில்லியம் கிராசிங் என்பவரின் நினைவாக, டக்ஸ் குளம் என்னுமிடத்தில் ஒரு பெட்டி வைக்கப்பட்டது. எழுத்தாளர் ஒருவருக்குச் சிலை வைக்காமல், தேடிச் சென்றால் மட்டுமே காணக்கூடிய பெட்டியொன்றை நினைவுச்சின்னமாக்கிய செயல் நம்மை வியக்கச் செய்கிறது.

பெருக்கமும் கட்டுப்பாடும்

1970களின் தொடக்கம்வரை டார்ட்மூர் முழுவதிலும் இருந்த பெட்டிகள் ஒரு டஜன் அளவைத் தாண்டவில்லை. அதன்பின் சில ஆண்டுகளில் அவை ஆயிரக்கணக்கில் பெருகின. அட்டைகளின் இடத்தை ரப்பர் முத்திரை பிடித்தது. தேடி வந்தவர் பெட்டியிலுள்ள முத்திரையைத் தம் குறிப்பேட்டில் பதித்துக்கொள்வார். தம் சொந்த முத்திரையைப் பெட்டியின் ஏட்டில் பதித்துச் செல்வார். நூறு பெட்டிகளைக் கண்டவர்களுக்கென்று 'நூறு பேரவை' ஒன்றும் உருவாயிற்று. பெட்டிகளின் குறிப்புகள் அடங்கிய பட்டியல் அத்தகுதியை அடைந்தோருக்கே உரியதாக இருந்தது.

இவ்வேற்பாட்டின் நுட்பத்தைச் சற்று நின்று நோக்கவேண்டும். முதல் நூறு பெட்டிகளை ஒருவர் செவிவழிச் செய்தியாலும், உடன்வந்தோர் உதவியாலும், தம் கால்களாலும் கண்டறியவேண்டும். பட்டியல் அவர் கைக்கு வரும்போது, எந்தப் பாசியில் கால் வைத்தால் புதையும், எந்தப் பருவத்தில் எங்கே பறவை முட்டையிடும் என்ற அறிவும் அவருக்கு வந்திருக்கும். பட்டியலில் இருந்த குறிப்புகளோ, இன்ன தேவாலயக் கோபுரம் இத்தனை பாகையில், இன்ன குன்று இத்தனை பாகையில் தெரியும் இடத்தில் நின்று தேடுக என்ற பாங்கில் அமைந்தவை. மூடுபனி இறங்கிவிட்டால் அக்குறிப்பால் பயனில்லை. சுற்றியுள்ள நிலத்தை முழுமையாகப் பார்க்கத் தெரிந்தவருக்கே அக்குறிப்பு பொருள் தரும்.

தமிழ் இலக்கணம் பயின்றோருக்கு இவ்விடத்தில் உள்ளுறை நினைவுக்கு வருவது இயல்பு. தெய்வம் நீங்கலான கருப்பொருள்களை நிலைக்களனாகக் கொண்டு உள்ளுறை அமையும் என்பது தொல்காப்பியர் கருத்து. நாரையும் மீனும் ஆம்பலும் அறியாதவருக்கு, அவற்றின் வழியே தலைவி சொல்லாமல் சொல்லும் செய்தி புலப்படாது. மறைத்துச் சொல்லுதல், கேட்பவரை அந்நிலத்திற்குள் வாழ்ந்து பார்க்கும்படி செய்யும் ஓர் உத்தி. டார்ட்மூரின் குறிப்புகளும் அதே பணியைச் செய்தன.

எனினும், ஆயிரக்கணக்கான பெட்டிகள் என்னும்போது ஆயிரக்கணக்கான கால்களும் கைகளும் உடன் வந்தன. டார்ட்மூரின் சதுப்பில் டன்லின் என்னும் சிறிய உள்ளான் இனம் தரையில் முட்டையிடுகிறது. உலகில் அவ்வினம் குஞ்சுபொரிக்கும் இடங்களுள் தென்கோடியில் இருப்பது இதுவே. கழுத்தில் வெண்பிறை கொண்ட ரிங் ஊசல் என்னும் பறவை பாறைச் சரிவின் இடுக்குகளில் கூடு கட்டுகிறது. பெட்டி ஒளிக்க மனிதர் தேர்ந்தெடுக்கும் இடுக்கும் அதுவே. ஆகவே பெட்டி வைப்போருக்கென்று நெறிகள் வகுக்கப்பட்டன. தொல்பொருள் சின்னங்களிலும் கற்சுவர்களிலும் பெட்டி வைக்கலாகாது, நிலத்தைத் தோண்டலாகாது, சிமெண்ட் பூசலாகாது, கற்களைப் புரட்டிச் சிதைக்கலாகாது என்பன அவற்றுள் சில. தேடுதல் தேடப்படும் இடத்தையே அழித்துவிடக்கூடும் என்பதை விளையாடுவோர் உணர்ந்த காலம் அது.

கடல் கடந்த விளையாட்டு

1998 ஏப்ரலில் அமெரிக்காவின் 'ஸ்மித்சோனியன்' இதழில் டார்ட்மூர்ப் பெட்டிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளிவந்தது. அதை வாசித்தவர்கள் தத்தம் ஊர்களில் பெட்டிகளை ஒளிக்கத் தொடங்கினர். அழிரப்பரில் தாமே முத்திரை செதுக்கும் கலை அங்கே தனியாக வளர்ந்தது. குறிப்புகள் இணையத்தில் இடப்பட்டன. அவற்றுள் பல விடுகதைகளாகவும், கதைகளாகவும், செய்யுட்களாகவும் அமைந்தன. டார்ட்மூர் போன்ற மேட்டுநிலம் எல்லா ஊர்களிலும் இல்லை. எனவே பெட்டிகள் புறநகர்க் காடுகளுக்கும், பின்னர் நகரின் நடுவிலுள்ள சிறு பூங்காக்களுக்கும் வந்துசேர்ந்தன.

2000ஆம் ஆண்டு மே 2ஆம் நாள், செயற்கைக்கோள்வழி இடங்காட்டும் அமைப்பான ஜிபிஎஸ்ஸின் துல்லியத்தைக் குறைத்து வைத்திருந்த ஏற்பாட்டை அமெரிக்க அரசு விலக்கிக்கொண்டது. மறுநாளே ஓரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியில் சில பொருள்களை இட்டு மறைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிட்டார். ஜியோகேஷிங் என்னும் உடன்பிறப்பு விளையாட்டு அவ்வாறு பிறந்தது. இங்கே குறிப்பு என்பது எண்ணாகிவிட்டது. கோபுரத்தையும் குன்றையும் பார்க்கவேண்டிய தேவை குறைந்தது. கையிலுள்ள கருவியைப் பார்த்தால் போதும். குறிப்புக்கும் இடத்துக்கும் நடுவிலிருந்த தொலைவு சுருங்கத் தொடங்கிய புள்ளியாக இதை நாம் கருதுகிறோம்.

நான்கு ஏக்கர்

டார்ட்மூர் தேசியப் பூங்காவின் பரப்பு 954 சதுர கிலோமீட்டர், அதாவது இரண்டேகால் இலட்சம் ஏக்கருக்கும் அதிகம். அங்கே ஒருவர் தவறான கல்லைப் புரட்டினாலும் பறவைக்கு வேறு கல் உண்டு. சிறு நகர்ப்பூங்காவில் அந்த ஆறுதல் இல்லை. இதை விளக்க நியூயார்க் நகரின் சென்ட்ரல் பூங்காவினுள் அடங்கிய ஒரு சிறு காட்டை எடுத்துக்கொள்வோம். பூங்காவின் தென்கிழக்கு மூலையில், குளத்தை ஒட்டி, வானளாவிய கட்டடங்களின் நிழலில் நான்கு ஏக்கர் அளவில் அமைந்த ஹாலெட் இயற்கைச் சரணாலயம் அது. பெட்டி ஒளிக்கும் கண்ணோடு நோக்கினால் அங்கே மறைவிடங்களுக்குக் குறைவில்லை. பாறை இடுக்கு, விழுந்த மரம், சருகுப் படுகை எல்லாம் உண்டு. அவை ஒவ்வொன்றிலும் ஏற்கெனவே ஓர் உயிர் குடியிருக்கிறது என்பதே செய்தி.

1998இல் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தினர் சென்ட்ரல் பூங்காவின் சருகுகளைச் சலித்து ஆராய்ந்தபோது ஒரு பூரான் அகப்பட்டது. நீளம் சுமார் 10 மில்லிமீட்டர், கால்கள் 82. அது அறிவியலுக்குப் புதியது என்பது 2002இல் அறிவிக்கப்பட்டது. 'நன்னாரப் ஹாஃப்மனி' என்று பெயரிட்டனர். அதன் பூர்வீகம் கிழக்கு ஆசியா என்றும், தொட்டிச்செடிகளின் மண்ணோடு கப்பலேறி வந்திருக்கக்கூடும் என்றும் அறிஞர் கருதினர். யாரும் எழுதாத, யாரும் அஞ்சலில் சேர்க்காத ஒரு கடிதம் கடல் கடந்து சருகுக்கடியில் வந்து கிடந்தது போலும். ஆண்டுக்குப் பல்லாயிரம் பேர் அதன்மேல் நடந்துகொண்டுதான் இருந்தனர்.

ஹாலெட் காட்டின் வரலாறு நமக்கு இன்னொரு பாடத்தையும் தருகிறது. 1934இல் நகரப் பூங்கா ஆணையராயிருந்த ராபர்ட் மோசஸ் அதைப் பறவைகளுக்கென்று ஒதுக்கி, வேலியிட்டு, மக்கள் நுழையாதவாறு மூடினார். 1986இல் பறவை ஆர்வலரான ஜார்ஜ் ஹாலெட்டின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. மனிதர் காலடி படாமல் எழுபது எண்பது ஆண்டுகள் விட்டுவைத்தால் காடு செழிக்கும் என்றே எவரும் எண்ணுவர். நடந்தது வேறு. விஸ்டேரியா போன்ற அயல்கொடிகள் படர்ந்து மரங்களை மூடின. மண்ணின் இயல்பான செடிகள் நலிந்தன. 2001இல்தான் சென்ட்ரல் பூங்காப் பேணகம் அதைச் சீரமைக்கத் தொடங்கியது. 2013 முதல் குறிப்பிட்ட நேரங்களிலும், 2016 முதல் இன்னும் தாராளமாகவும் மக்கள் உள்ளே அனுமதிக்கப்பட்டனர். பூட்டிவைப்பது மட்டுமே பேணுவதாகாது என்பதை அந்த நான்கு ஏக்கர் மெய்ப்பித்துவிட்டது.

தேடப்பட்டவர்கள்

2006 மார்ச்சில் ஒரு கயோட்டி, அதாவது வட அமெரிக்காவின் சிறு ஓநாய், இச்சரணாலயத்தில் தஞ்சம் புகுந்தது. ஒரு வயது மதிக்கத்தக்க ஆண். காட்டின் பெயரையே சுருக்கி அதற்கு 'ஹால்' என்று பெயரிட்டனர். காவலர்களும் ஹெலிகாப்டரும் செய்தியாளர்களும் சூழ, துரத்திப் பிடித்தனர். நகருக்கு வெளியே விடுவிப்பதற்காக அடையாளப் பட்டை பொருத்தும்போது மார்ச் 30ஆம் நாள் அது இறந்தது. உடற்கூறாய்வில் இதயப்புழுக்களும் எலிமருந்தின் பாதிப்பும் தெரியவந்தன.

பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. இதற்குள் குறிப்புக்கும் இடத்துக்கும் இருந்த தொலைவு மறைந்தே போய்விட்டது. அரிய பறவையொன்று எந்த மரத்தில் அமர்ந்திருக்கிறது என்ற செய்தி, அது அமர்ந்திருக்கும்போதே ஆயிரக்கணக்கானோரின் கைப்பேசிகளை எட்டியது. 2021 ஜனவரியில் பனி ஆந்தை ஒன்று, 1890க்குப் பின் முதன்முறையாகச் சென்ட்ரல் பூங்காவில் இறங்கியது. அன்றே கூட்டம் திரண்டது. 2020 அக்டோபர் முதல் பூங்காவில் வாழ்ந்து மக்கள் மனத்தைக் கவர்ந்த 'பாரி' என்னும் ஆந்தை 2021 ஆகஸ்டில் பூங்காவின் பராமரிப்பு வாகனத்தில் மோதி இறந்தது. அதன் உடலிலும் உயிரைப் பறிக்கக்கூடிய அளவுக்கு எலிமருந்து இருந்தது. 2023 பிப்ரவரியில் பூங்காவிலுள்ள விலங்குக்காட்சி சாலையின் கம்பிவலையை எவரோ வெட்டிவிட, வெளியேறிய 'ஃபிளாக்கோ' என்னும் கொம்பன் ஆந்தை, தன் விடுதலையின் முதல் நாள்களில் இதே ஹாலெட் காட்டின் மரங்களிலும் தங்கியது. ஓராண்டு நகரெங்கும் பறந்து திரிந்து, 2024 பிப்ரவரி 23ஆம் நாள் கட்டடத்தில் மோதிய நிலையில் கண்டெடுக்கப்பட்டு இறந்தது. புறாக்களிடமிருந்து தொற்றும் நச்சுயிரியோடு நால்வகை எலிமருந்துகள் அதன் உடலில் காணப்பட்டன.

ஆந்தைகளின் இருப்பிடத்தை உடனுக்குடன் அறிவிக்கலாமா என்ற விவாதம் அக்காலத்தில் கடுமையாக எழுந்தது. ஆந்தை பகலில் உறங்கும் பறவை. கூட்டத்தின் நடுவே அதற்கு ஓய்வேது என்றனர் ஒரு சாரார். அறிவு சிலருக்கு மட்டும் உரியதாக ஏன் இருக்கவேண்டும், முதியோரும் பணியிலிருந்து திரும்புவோரும் ஆந்தையைக் காணவேண்டாமா என்றனர் மறுசாரார். பின்னவர் வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. பெயரட்டை வைத்திருந்த கனவான்களின் விளையாட்டு அஞ்சலட்டை வழியே எளியோரிடம் வந்ததை நாம் மகிழ்ச்சியோடுதானே குறிப்பிட்டோம்? மேலும், ஃபிளாக்கோவை இலட்சக்கணக்கானோர் அறிந்திருந்ததால்தான் அதன் சாவு ஒரு பொதுத்துயரமாயிற்று. நஞ்சுக்கு மாற்றாக எலிகளின் பெருக்கத்தைத் தடுக்கும் மருந்தைச் சோதித்துப் பார்க்கும் சட்டத்தை நியூயார்க் நகர மன்றம் 2024இல் அதன் பெயரால் நிறைவேற்றியது. ஹால் இறந்தபோது அப்படியொரு சட்டம் பிறக்கவில்லை.

ஆகவே நம் முன்னுள்ள வினா, சொல்லலாமா கூடாதா என்பதைவிட எப்படிச் சொல்லுவது என்பதாகவே அமைகிறது. இங்குதான் பழைய அஞ்சற்பெட்டி நமக்குத் துணைவருகிறது. அது எவரையும் விலக்கவில்லை; எவரும் தேடலாம். ஆனால் தேடுபவர் கொஞ்சம் நடக்கவேண்டும், கொஞ்சம் காத்திருக்கவேண்டும், கொஞ்சம் கற்கவேண்டும் என்று கேட்டது. அந்தச் சிறு தாமதத்தில் கூட்டம் கலைந்து தனிமனிதர்களாகிறது. வருபவருக்கும் தாம் வந்திருப்பது பிறிதோர் உயிரின் வீடு என்ற உணர்வு பிறக்கிறது. இன்று ஹாலெட் காட்டின் நுழைவாயில் குறித்த நேரத்தில் திறந்து குறித்த நேரத்தில் மூடுவதும், உள்ளே வகுத்த பாதையில் மட்டும் நடக்கவேண்டியிருப்பதும் அத்தகைய ஒரு குறிப்புதான். மோசஸின் பூட்டும் கைப்பேசியின் அறிவிப்பும் செய்யத் தவறியதை ஒரு மரக்கதவும் மரச்சீவல் பரப்பிய ஒற்றையடிப் பாதையும் செய்கின்றன.

சிறு பூங்காவில் பெட்டி ஒளிக்க விரும்புவோர் உண்டு, அவர்களைக் குறைசொல்வதற்கில்லை. பூங்காவினரின் இசைவைப் பெற்று, சருகையும் மட்கிய மரத்தையும் தொடாமல், பாதையோர இருக்கையின் அடியிலோ கைப்பிடிச் சுவரின் பின்னாலோ பெட்டியை வைத்து, குறிப்பை மட்டும் சற்றுக் கடினமாக எழுதிவிட்டால் போதும். இடம் சிறுத்தால் குறிப்பு நீளவேண்டும் என்பதே இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் விதி. கிரான்மியருக்குப் போகும் வழியில் ஒருவர் நாள் முழுதும் நடந்து அடைந்த பக்குவத்தை, நான்கு ஏக்கருக்குள் அந்தக் குறிப்புதான் தரவேண்டியிருக்கிறது.

பெரட் வைத்த குப்பி இன்றில்லை. அவ்விடத்தில் பெட்டி இருக்கிறது. ஹாலும் பாரியும் ஃபிளாக்கோவும் இன்றில்லை. 82 கால்கள் கொண்ட அந்தச் சிறு பூரானின் இனம் மட்டும் நியூயார்க்கின் நடுவே ஏதோவொரு சருகுக்கடியில் இன்னும் ஊர்ந்துகொண்டிருக்கக்கூடும். அதன் இருப்பிடத்தைக் கைப்பேசியில் எவரும் அறிவிப்பதில்லை. குனிந்து, ஒரு சருகைப் பொறுமையாக எடுத்து, பார்த்தபின் அதைக் கிடந்தபடியே திரும்ப வைக்கத் தெரிந்தவருக்கு அது தென்படலாம்.